சுகாசினியின் மாங்கட்டைகள்

எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே வெயில் படாத ஒரு சந்து இருக்கிறது. அதில் ஏழு மாங்கட்டைகள் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. தெரியாதவர்கள் பார்த்தால் அடுப்புக்கு வாங்கிப் போட்ட விறகு என்றுதான் நினைப்பார்கள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் ஒவ்வொரு கட்டையிலும் மெழுகு வைத்து அடைத்த துளைகள் தெரியும். துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்காது. சேலை உடலில் புட்டாப் பூ போடுகிறபோது ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் பாதி தள்ளிப் போடுவோமே, அதே மாதிரி மாற்றி மாற்றி இட்டிருக்கும். ஒரு துளைகூட இடம் தப்பியிருக்காது. நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

அவை என் தங்கை சுகாசினியின் கட்டைகள். அவற்றில் அவள் சிப்பிக் காளான் வளர்க்கிறாள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி உண்டு. நான் எட்டாவது முடித்ததும் அதில் உட்கார்ந்தவன், இன்றுவரை நெய்கிறேன். எங்கள் ஊர்ச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா; குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற மரக்கூடுதான் நாடா. இரண்டு நூலையும் ஒன்றோடொன்று கோர்த்து நெய்வதைக் கோர்வை என்போம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கரை நாடாவை எனக்குத் தள்ளிவிடுவது என் மனைவி சங்கீதா. அப்பா கைலாசம் இப்போது தறியில் உட்காருவதில்லை. ஆனாலும் தறி அவருடையது. எந்தப் பாவு, அதாவது எந்த நீளவாட்டு நூல் ஏற்றுவது, எந்த ஆசாரியைக் கூப்பிடுவது எல்லாம் அவர் சொல்கிறபடிதான் நடக்கும்.

சுகாசினி குச்சம் கட்டுகிறவள். நெய்து அறுத்த சேலையின் முந்தானை ஓரத்தில் பிரிந்து தொங்கும் இழைகளைச் சின்னச் சின்ன முடிச்சாகப் போட்டு அழகுபடுத்துவது அந்த வேலை. அடுத்த தெரு கிரேசும் அவளும் சேர்ந்து கட்டுவார்கள். எங்கள் தெருவில் அவள் கை பட்ட முந்தானையை முடிச்சைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கைக்கு வருகிற சேலை எதுவும் அவளுடையது இல்லை. கட்டி முடித்த அன்றே மடித்து வேறொரு வீட்டுக்குப் போய்விடும்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்கச் சுகாசினிதான் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டாள். அம்மா போன பிறகு அவளிடம் பேச்சே இல்லாமல் போய்விட்டது. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தறிச் சத்தத்தில் முதலில் நான் கவனிக்கவில்லை. சங்கீதாதான் சொன்னாள், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்று.

அப்படி இருந்தவள் தானாக வாயைத் திறந்து ஒன்று கேட்டது கூரத்தில், எங்கள் மாமா வீட்டில். புயலில் அவர்கள் வீட்டு மாமரம் சாய்ந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க அது தோட்டத்தில் அப்படியே கிடந்தது. நாங்கள் போயிருந்தபோது சாய்ந்த கிளை ஒன்றில் வெள்ளை விசிறி மடித்து அடுக்கினாற்போல் காளான் பூத்திருந்தது. மாமா அதை ஒரு குச்சியால் தட்டிவிடப் போனார்.

“மாமா, தட்டாதீங்க,” என்றாள் சுகாசினி. “அந்த மரத்துல எனக்குக் கொஞ்சம் தர்றீங்களா?”

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டதே போதும் என்று இருந்தது. மாமா, வேர் அறாத பக்கத்தில் நல்ல பச்சைக் கிளைகளாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தார். இரண்டு நடையாக மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கைபேசியில் காளான் வளர்ப்பு வீடியோக்களாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். காளான் விதை என்று பையில் அடைத்து விற்கிறார்கள். அது விதை இல்லை. வேகவைத்த சோளத்தில் காளானின் வெள்ளை இழையைப் படரவிட்டுத் தருகிறார்கள். கட்டையில் துளை போட்டு, அந்தச் சோளத்தைத் திணித்து, வெளிக்காற்று போகாமல் மெழுகு ஊற்றி அடைக்க வேண்டும். அவள் புள்ளி வைத்த இடத்தில் துளை போட்டுக் கொடுத்தது நான். திணித்ததும் அடைத்ததும் அவள். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது; கட்டை கட்டையாகவே நிற்கும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“பாவு ஓடிக்கினு இருக்குதுண்ணா,” என்றாள். “காளான்னு வெளியில வர்றது முந்தானை மட்டும்தான். சேலை முழுக்கக் கட்டைக்குள்ள இருக்குது.”

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் தடவை எல்லாம் கெட்டுப்போனது. அதற்குக் காரணம் நெசவுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை. பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பது எங்கள் வழக்கம். கஞ்சி குடித்த இழைக்குப் பலம் வரும், தறியில் அறாது. மிஞ்சிய கஞ்சியை யாரும் கொட்டமாட்டோம். அன்றைக்குத் தெருவில் மிஞ்சியதைச் சுகாசினி கொண்டுவந்து கட்டைகளின் மேல் பூசிவிட்டாள். இழைக்குப் பலம் கொடுக்கிறது காளான் இழைக்குக் கொடுக்காதா என்று நினைத்திருக்கிறாள். கட்டைகள் பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி பச்சையாகப் பூத்துவிட்டன. அந்தப் பூசணம் வந்துவிட்டால் காளான் இழை பிழைக்காது.

“பாவுக்குப் போட்ட கஞ்சியக் கட்டைக்குப் போட்டா, கட்டை சேலையாவுமா?” என்றார் அப்பா.

எங்கள் தெருக்கோடிச் சாயப்பட்டறையில் பட்டுக்குச் சாயம் ஏற்றும் கொப்பரை விறகில்தான் கொதிக்கும். கெட்டுப்போன கட்டைகளை அவளே தூக்கிக் கொண்டுபோய் அந்த அடுப்புக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அழுவாளோ என்று பார்த்தேன். வந்ததும் என்னிடம், பட்டுக்குப் பிடித்தது கட்டைக்குப் பிடிக்கவில்லை, அடுத்த தடவை கட்டையைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று சொன்னாள். மறுபடி கூரத்துக்குப் போனோம். அப்போது கொண்டுவந்தவைதான் இந்த ஏழும்.

அடுத்த மழையில் அவற்றில் காளான் பூத்தது. முதலில் மெழுகு ஓரத்தில் ஜவ்வரிசி போல ஒரு கொத்து வெளியே வரும். பிறகு பார்க்கப் பார்க்க விரியும். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சமைக்க முடியாது. நாங்கள் சைவம். காளானும் கவுச்சிதான் என்பது அப்பாவின் கட்சி. அதனால் பறித்ததை எல்லாம் சுகாசினி ஒரு தூக்கில் போட்டுக் கிரேஸ் வீட்டுக்கு எடுத்துப் போவாள். அங்கே மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கிச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். சாமி விளக்கேற்றும் நேரத்தில் அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். “கிரேஸ் வீட்டு மொளகு எங்க வீட்டு விபூதி வரைக்கும் வாசன வருதும்மா,” என்பார். சுகாசினி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் தினமும் மூக்கை உறிஞ்சுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அவள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். கட்டைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து எந்தக் கட்டையில் என்ன தெரிகிறது என்று தறிமுன் நின்று சொல்வாள். நானும் சங்கீதாவும் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்போம்.

போன ஆவணியில்தான் அந்தத் தொந்தரவு வந்தது. தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பாவில் கடைசிச் சேலை. ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கான முகூர்த்தச் சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை. இடது கரைப் பக்கம் கோர்வைக் கோடு ஓர் இழை விலகி வருவதைக் கண்டேன். வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. சங்கீதாவே, உங்களுக்குக் கண்ணில் பூதக்கண்ணாடி இருக்கிறதா என்றாள். நாடாவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பாவின் இழுப்பைப் பார்த்தேன், அதுவும் சரி. கடைசியில் படமரத்தில், அதாவது நெய்த துணி சுற்றிக்கொள்ளும் உருளையில் கையை வைத்துக்கொண்டு சங்கீதாவை, இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்கச் சொன்னேன். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் படமரம் இடது பக்கம் லேசாகத் துள்ளியது. அதைத் தாங்குகிற மரக்கால் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா தாவீதைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பக்கத்துத் தறிகளுக்கெல்லாம் தாவீதுதான் ஆசாரி. அவர் குழிக்குள் இறங்கி, தறிக்காலின் அடியில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பழத்தில் ஊசி இறங்குவதுபோல அது உள்ளே போனது. ஒரு சிம்பைப் பெயர்த்து எடுத்து மேலே நீட்டினார். மரத்தின்மேல் வெள்ளையாக, பஞ்சைத் தட்டிப் பரப்பியதுபோல ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பின்கட்டுச் சரக்கு உள்ள வந்துருக்குது போலருக்குதே, கைலாசண்ணே,” என்றார் தாவீது. அவர் பொல்லாப்பாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். பார்த்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்பா அந்தச் சிம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஒரு மாங்கட்டையில் பட்டை உரிந்த இடத்தில் அதே வெள்ளை இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து சத்தம் போடாமல் சொன்னார். தறி போனால் இந்த வீட்டில் எதுவும் நிற்காது. பாவு அறுத்ததும் தாவீது புதுக்கால் போடட்டும். புதுப் பாவு ஏறுவதற்குள் பின்கட்டில் ஒரு கட்டைகூட இருக்கக் கூடாது. சாயப்பட்டறையில் வண்டி அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சுகாசினி முந்திக்கொண்டாள்.

“என்னுதா இருக்கலாம்பா. இல்லாமயும் இருக்கலாம். வெள்ளையா இருக்குறதெல்லாம் ஒண்ணு இல்ல. பாத்துட்டுச் சொல்றேன். என்னுதுதான்னா நானே தூக்கி வண்டியில வைக்கறேன்.”

“எப்டிப் பாப்ப?”

“பூக்க வெச்சிப் பாக்கணும். பூத்தாத்தான் இன்னதுன்னு தெரியும்.”

அப்பா யோசித்தார். “பாவு அறுக்கற வரைக்கும்,” என்றார். “அதுக்குள்ள அது பூக்கலன்னா?”

“அப்பவும் பட்டறைக்காரங்க எடுத்துக்கட்டும்,” என்றாள் அவள்.

தாவீது ஆடுகிற காலுக்கு ஆப்பு அடித்து, கருங்கல் ஒன்றை முட்டுக்கொடுத்து, இந்தச் சேலை முடிகிறவரை தாங்கும், மெல்ல அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுகாசினி பழைய பெயிண்ட் வாளிகள் இரண்டை எடுத்தாள். அடியில் நனைத்த கோணியைப் போட்டாள். ஒன்றில் தன் மாங்கட்டையிலிருந்து அறுத்த துண்டை வைத்தாள். இன்னொன்றில் தறிக்காலிலிருந்து தாவீது பெயர்த்துக் கொடுத்த துண்டு. இரண்டையும் சந்தில் ஒரே இடத்தில் வைத்து, ஒரே மாதிரி தண்ணீர் தெளித்தாள். இரண்டிலும் ஒரே பூ வந்தால் குற்றம் அவளுடையது. வேறு வேறாக வந்தால் கட்டைகள் தப்பும். எங்கள் எல்லோருக்கும் அது புரிந்திருந்தது. முகம் கழுவப் போகிற சாக்கில் அப்பாவும் வாளிகளை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். முன்பெல்லாம் அவர் அத்தனை தடவை முகம் கழுவியது கிடையாது.

அவளுடைய துண்டு பூத்தது. ஜவ்வரிசிக் கொத்து, பிறகு வெள்ளை விசிறி. பக்கத்து வாளியில் தறிக்கால் துண்டு சும்மாவே கிடந்தது.

இங்கே தறியில் நான் மெல்ல நெய்தேன். கால் ஆடுகிறது, அதனால் மெல்ல அடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அத்தனை மெல்லவும் தேவையில்லை. சங்கீதாவும் என்னோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாள். ஒரு சொல்கூட நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. என் கண்ணைக் கேலி செய்தவள், இப்போது கரை நாடாவைத் தள்ளுமுன் ஒவ்வொரு இழையையும் குனிந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “இன்னாடா முத்துக்குமாரு, தேரா இழுக்கறீங்க ரெண்டு பேரும்? நெலைக்கு வந்து சேர மாசமாவும் போலருக்குதே.”

சங்கீதா தலை நிமிராமல், முகூர்த்தச் சேலை மாமா, அவசரப்பட்டு நெய்யலாமா என்றாள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவரிடம் வேகத்தை மறைக்க முடியுமா? அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

ஆனால் எவ்வளவு மெல்லப் போனாலும் முந்தானை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நான் தள்ளிப் போட முடியாது. முந்தானையின் சரிகைக் கட்டம் ஒவ்வொன்றாக முடிய முடிய, சுகாசினியின் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. தறிமுன் வந்து நின்று சேதி சொல்வது நின்றது. ரேழியில் உட்கார்ந்து குச்சம் கட்டுகிறபோது கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. ஒருநாள் பார்த்தால், கட்டைகளைப் போர்த்தியிருந்த கோணிகளை எடுத்துத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தாள். வண்டிக்காரன் வரும்போது சங்கடம் வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ. சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் நாடாவைப் பார்த்தேன்.

அன்று மதியம் நல்ல வெயில். காற்று காய்ந்துபோனால் பட்டு இழை முறுக்கேறிப் பட்பட்டென்று அறும். அதனால் வெயில் நாளில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊற்றிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஈரம் கீழேயிருந்து ஏறினால் பாவு குளிர்ந்து இருக்கும். அந்த வேலை எப்போதும் அப்பாவுடையது. அன்றைக்கும் சாப்பிட்டு எழுந்ததும் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, என் இடது முழங்காலைத் தாண்டிக் குழியின் ஓரத்தில் ஊற்றினார். தண்ணீர் தறிக்காலின் அடியில் போய் நின்றது.

ரேழியில் உட்கார்ந்திருந்த சுகாசினி மடியிலிருந்த சேலையைப் பாயில் எடுத்து வைத்தாள்.

“அப்பா, எப்பவும் அந்த எடத்துலதான் ஊத்துவீங்களா?”

“பின்ன எங்க ஊத்தறது? அந்தாண்ட மிதிக்கட்ட இருக்குது. நடுவுல இவன் கால் இருக்குது.”

“எத்தினி வருசமா?”

“நீ பொறக்கறதுக்கு மின்னாடிலருந்து ஊத்திக்கினு இருக்கறேன். இன்னா இப்ப?”

அவள் ரேழியிலிருந்து எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நான் தறியிலிருந்து எக்கிப் பார்த்தேன். தறிக்கால் துண்டை வாளியிலிருந்து எடுத்து, தண்ணீர் நிரம்பிய ஒரு குண்டானில் போட்டு, அது மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கேட்டபோது சொன்னாள்:

“என் கட்டைக்குத் தெளிக்கற மாதிரியே அதுக்கும் தெளிச்சிக்கினு இருந்தேண்ணா. அது இத்தினி வருசமா சொம்பு சொம்பா குடிச்சிட்டு, அப்புறமா காஞ்சு கெடந்தது. அதுக்குப் பழகினத குடுத்தாத்தான அது இன்னான்னு காட்டும்?”

கஞ்சி ஊற்றிய கதை எனக்கு நினைவு வந்தது. கட்டையைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவள், இப்போது அப்படியே செய்கிறாள். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். 

துண்டு ஊறியது. எடுத்து வைத்தாள், காயவிட்டாள், மறுபடி ஊறவைத்தாள். அதற்குள் நான் சேலையை முடித்துவிட்டேன். கடைசி இழைவரை கோர்வை விலகாமல் முடித்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலையில் பாவு அறுப்பது என்று முடிவாயிற்று. தாவீதுக்கும் சாயப்பட்டறைக்கும் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

காலையில் அப்பா தறிக்கு விபூதி பூசி, சூடம் காட்டிவிட்டு, சேலையை அறுத்து எடுத்தார். தாவீது குழிக்குள் இறங்கினார். வாசலில் சாயப்பட்டறையின் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் மாணிக்கவேல், கட்டை எங்கேண்ணே, ரொம்ப கனமா, ஆள் கூப்பிடவா என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சுகாசினி பின்கட்டிலிருந்து நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. ஈரமான தறிக்கால் துண்டை ஒரு கையில் ஏந்தி வந்து அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

மரத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னதாக, பழுப்பாக, மெத்தென்று காதுகள் முளைத்திருந்தன. நிஜமாகவே காதுகள்தான், மடல், மடிப்பு எல்லாம் இருந்தது. சிப்பியும் இல்லை, விசிறியும் இல்லை, வெள்ளையும் இல்லை. அவளுடைய கட்டையில் பூத்தது இன்னொரு கையில் இருந்தது. பச்சைக் குழந்தைகூட இரண்டும் ஒன்று என்று சொல்லாது.

அப்பா ஒரு காதை இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பார்த்தார். “இது மழைக்குக் கெணத்தடி மரத்துல வருமே,” என்றார். “நான் சின்னதுல பிச்சிப் பிச்சிப் போட்டுருக்கறேன்.”

அதே நேரத்தில் குழிக்குள்ளிருந்து தாவீதின் குரல் வந்தது. தறிக்காலைப் பிடுங்கி வெளியே சாய்த்திருந்தார். மேல்பாகம் எங்கள் தாத்தா காலத்துத் தேக்கு. உளி பட்டால் உளிதான் மழுங்கும், அப்படி இருந்தது. அடியில் ஒரு முழத்துக்கு மட்டும் வேறு மரம். ஒட்டுப் போட்ட இடத்தில் கயிறு சுற்றித் தார் பூசியிருந்ததால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. உளுத்தது எல்லாம் அந்த ஒரு முழம்தான்.

“தேக்குக்குக் கீழ மாங்கட்டைய ஒட்டு வெச்சிருக்குது. எந்த ஆசாரிண்ணே பண்ணது இந்த வேலைய?”

அப்பா குழியைப் பார்த்தார், தாரைப் பார்த்தார், சுகாசினியின் கையிலிருந்த காதுகளைப் பார்த்தார்.

“ஆசாரி இல்லப்பா. நான்தான்,” என்றார். “வெள்ளம் குழிக்குள்ள பூந்த வருசம் அடிக்கால் போயிட்சி. அப்ப ஆசாரியா இருந்த உங்கப்பன் ஊர்ல இல்ல. கையில கெடச்சத வெச்சிக் கட்டனேன். அப்புறம் மறந்துட்டன்.” பிறகு சுகாசினியின் பக்கம் திரும்பினார். “மாங்கட்டய நட்டு, தெனம் தண்ணி ஊத்தி… இந்த வூட்ல மொதல்ல காளான் போட்டவன் நான்தான் போலருக்குதும்மா.”

முதலில் சிரித்தது தாவீது. பிறகு சங்கீதா. சுகாசினி சிரிக்க நினைத்தாள், முடியவில்லை. கையிலிருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் சிரித்தாள்.

வாசலில் மாணிக்கவேல் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். அப்பா போய், கட்டை இல்லப்பா என்றார். வரச் சொன்னீங்களே அண்ணே என்று அவர் கேட்டதற்கு, அது எரியாது, பூக்கிற கட்டை என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். சரி, உளுத்துப்போன அந்த ஒரு முழத்தையாவது கொடுங்கள் என்று மாணிக்கவேல் கேட்டிருக்கிறார். சுகாசினி அதையும் தரவில்லை. அதைத் தன் ஏழு கட்டைகளுக்குப் பக்கத்தில் எட்டாவதாகச் சாய்த்து வைத்துவிட்டாள். அதில் பூப்பதைப் பறிக்கவும் மாட்டாள், தின்னவும் விடமாட்டாள். தார் பட்ட மரம், அதோடு என்ன வகை என்று உறுதியாகத் தெரியாத காளானை வாயில் வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். கிரேஸ் ஒருமுறை ஆசைப்பட்டுக் கேட்டும் கொடுக்கவில்லை.

தறியின் புதுக்காலை அவள் சொன்னபடியே கருங்கல் திண்டின்மேல் நிறுத்தினோம். குழிக்குள் இப்போது தண்ணீர் ஊற்றுவது கிடையாது. ஓரத்தில் ஒரு மண் தொட்டி வைத்து அதில் ஈர மணல் போட்டிருக்கிறோம். ஈரம் ஏறுகிறது, மரம் நனைவதில்லை. இழை முன்னைவிடக் குறைவாகவே அறுகிறது என்று நினைக்கிறேன். அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுத் தறி லேசாக ஆடுகிறது என்று தெரிந்ததும் அவரே சுகாசினியைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் திருப்புளியோடு அவள் குழிக்குள் இறங்க, மேலே நின்றுகொண்டு, எம்பொண்ணு பாத்துச் சொல்லுவா, இருங்க என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொரு வீட்டுத் தறிக்காலிலும் வெள்ளை இருந்தது. இவள் வீட்டுக் காளான் பறந்து வந்து ஒட்டியது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை மழையில் ஏழு கட்டையும் ஒன்றாகப் பூத்தன. கிரேஸ் வீட்டுச் சட்டி கொள்ளவில்லை. அப்பா இன்னும் காளானைத் தொடுவதில்லை, இனியும் தொடமாட்டார். ஆனால் கிரேஸை இங்கேயே வரச் சொல்லி, பின்கட்டில் ஒரு அடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், வாசப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். இப்போது மிளகு வாசனை நேராகத் தறிக்கே வருகிறது. நானும் சங்கீதாவும் ஒரு தட்டு வாங்கி, படியின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆட்டுக்கறி மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்கள். எனக்கு ஆட்டுக்கறி தெரியாது. எனக்கு அது காளான் மாதிரிதான் இருந்தது, நன்றாக இருந்தது.

மதியம் சாப்பிட்டு எழுந்ததும் அப்பாவின் கை பழக்கத்தில் சொம்பைத் தேடும். குழியில் ஊற்ற முடியாதே. தண்ணீரை மொண்டுகொண்டு நேராகச் சந்துக்குப் போவார். ரேழியில் குச்சம் கட்டிக்கொண்டிருக்கும் சுகாசினி தலையைத் தூக்காமலே குரல் கொடுப்பாள்.

“அப்பா, ஊத்தாதீங்க. தெளிங்க.”

“தெரியும்மா,” என்பார் அங்கிருந்து. “எட்டாவதுக்கு மட்டும்தான் ஊத்தறேன்.”